இரண்டு கால்வாய் ஊர்கள், ஒரே பகல்

சீனச் சுற்றுலா நிரல்களில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இப்படி ஒரு வரி இருக்கும்: ‘பாரம்பரிய நீர்நகரங்கள் துங்லி, ஜோவ்ஜுவாங், படகுச் சவாரி, மதிய உணவு உட்பட.’ ஷாங்காயின் கோபுரங்களுக்கும் ஹாங்சோவின் ஏரிக்கும் நடுவே செருகப்பட்ட இந்த ஒரு நாளைப் பற்றித்தான் போய்வந்தவர்கள் அதிகம் பேசுகிறார்கள். அதிகம் குறைபட்டுக்கொள்வதும் இதைப் பற்றித்தான். ‘எல்லாம் கடைத்தெரு, எல்லாம் வேஷம்’ என்பது ஒரு கட்சி. ‘ஆயிரம் வருஷத்துச் சீனாவையே பார்த்துவிட்டு வந்துவிட்டோம்’ என்பது எதிர்க்கட்சி. குழுவோடு போய் அந்தப் பகலைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, இரண்டு கட்சியும் தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கின்றன என்பதே. ஊர் அசலா போலியா என்பதைப் பிறகு பார்க்கலாம். இந்த ஒரு நாள் எதைக் காட்டத் திட்டமிடப்பட்டிருக்கிறது, எதைக் காட்டாமல் இருக்க வசதியாக அமைந்திருக்கிறது என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது.

கடிகாரத்தில் தொடங்குவோம். காலை எட்டு மணிக்கு ஷாங்காய் விடுதியிலிருந்து பேருந்து கிளம்புகிறது. நெரிசலைப் பொறுத்துப் போக ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம். வர அதே அளவு. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு ஒரு மணி, ‘பட்டுப் பண்பாட்டுக் காட்சியகம்’ என்ற பெயரில் கடைக்கு ஒரு மணி. இனி, பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல்வரை நடை, நுழைவுச்சீட்டு, தலை எண்ணுவது, காதில் மாட்டும் கருவியைக் கொடுப்பது, கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பும்வரை கொடிக்கம்பியோடு கைடு காத்து நிற்பது. நாற்பது பேர் குழுவில் இதற்கு மட்டும் ஒவ்வொரு ஊரிலும் அரைமணி கரைந்துவிடும். மாலை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பியாக வேண்டும் என்றால், கழித்துப் பாருங்கள், ஊர் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் தேறும்.

நேரம் குறைவு என்பதுகூடப் பெரிய குற்றமில்லை. எந்த நேரம் என்பதுதான் குற்றம். காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் நடுவில், ஷாங்காயிலிருந்தும் சூச்சோவிலிருந்தும் கிளம்பிய அத்தனை பேருந்துகளும் ஒரே சந்துக்குள் ஆட்களை இறக்கும் அந்த நேரத்தில்தான் நம் குழுவும் நுழைகிறது. உள்ளூர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் நேரமும் அதுதான். ஊர் தன் சொந்த வேலையைப் பார்க்கும் விடிகாலையும் அந்தியும் நிரலில் இல்லை.

ஜோவ்ஜுவாங்கை எடுத்துக்கொள்வோம். சூச்சோ நகராட்சியின்கீழ் வரும் குன்ஷானில் இருக்கிறது. 1086-இல் ஜோவ் என்னும் குடும்பப் பெயர்கொண்டவர் புத்த ஆலயத்துக்குத் தம் நிலத்தைக் கொடுத்ததில் ஊரின் வரலாறு தொடங்குவதாகச் சொல்வார்கள். சுற்றிலும் ஏரிகள். படகில்லாமல் போகவர முடியாத இடமாக நெடுங்காலம் இருந்தது. இந்த ஊரின் புகழ் பழையது என்று நினைத்தால் ஏமாறுவோம். அது 1984-இல் பிறந்த புகழ். சென் ஈஃபெய் என்னும் ஓவியர் இங்குள்ள இரட்டைப் பாலத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அமெரிக்க எண்ணெய்த் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் அந்த ஓவியத்தை வாங்கி, சீனாவுக்கு வந்தபோது தெங் சியாவ்பிங்குக்குப் பரிசளித்தார். மறு ஆண்டு அது ஐக்கிய நாடுகள் சபை அஞ்சல்தலையின் முதல்நாள் உறையிலும் இடம்பெற்றது. அதுவரை பக்கத்து ஜில்லாக்காரர்களுக்கே தெரியாத ஊர் உலகத்துக்குத் தெரிந்துபோயிற்று.

இரட்டைப் பாலம் என்பது மிங் காலத்தில் இரு கால்வாய்கள் கூடுமிடத்தில் செங்கோணத்தில் ஒட்டிக் கட்டிய இரண்டு கற்பாலங்கள். ஒன்றின் கண் வட்ட வளைவு. மற்றதன் கண் சதுரம். பக்கத்து வீட்டுப் படிகளில் நின்று பார்த்தால் கட்டியவர்களின் சாமர்த்தியம் புரியும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் தடங்கல் இல்லை, நடப்பவருக்கும் சுற்று வழி இல்லை. ஆனால் நம் குழு நிற்பது பக்கத்துப் படியில் இல்லை. சென் ஈஃபெய் எந்தக் கோணத்தில் வரைந்தாரோ அந்தக் கோணத்தில்தான் கைடு கொண்டுபோய் நிறுத்துகிறார். வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு செல்ஃபி. ஊரைப் பார்க்க வந்தவர்கள் ஓவியத்தைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார்கள். இதை ஒரு குழுவின் குறையாகச் சொல்லிவிட முடியாது. இந்தச் சுற்றுலாவின் அடித்தளமே அதுதான்.

அடுத்து ஷென் வீடு. காதுக்கருவியில் வரும் கதை இது: யுவான் காலத்து முடிவில் வாழ்ந்த மாபெரும் வணிகர் ஷென் வான்சான்; நாங்கிங் கோட்டைச் சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் தம் பணத்தில் கட்டிக்கொடுத்தார்; படைக்கும் நான் பரிசு தருகிறேன் என்று வாய்விட்டதில் மிங் பேரரசர் கோபமாகி அவரை யுன்னானுக்கு நாடுகடத்தினார். நல்ல கதை. வரலாற்றாசிரியர்கள் இதன் பெரும்பகுதியை நம்புவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் நிற்கும் வீடு கட்டப்பட்டது 1742-இல், சிங் ஆட்சியில், அவர் வழித்தோன்றல் ஒருவரால். கதாநாயகர் கண்ணை மூடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு எழுந்த வீடு அது. கைடு பொய் சொல்லவில்லை. ஆண்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். ‘இது அவருடைய வீடா?’ என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கேட்டதற்கு, ‘அவங்க குடும்பத்து வீடுதான் சார்’ என்று பதில் வந்தது. அதுவும் பொய்யில்லை!

அந்த வீட்டில் உண்மையில் பார்க்கவேண்டியது என்ன? ஐந்து வாயில்களுடன் ஏழு கட்டுகளாக, நூறு அறைகளுக்கு மேல், நீளவாக்கில் உள்ளே உள்ளே போகும் வீடு. முகப்பு தெருவில் முடியவில்லை. தெருவைத் தாண்டி எதிரே கால்வாய்க்கரையில் நீர்வாயிலும் படித்துறையும் இருக்கின்றன. அவையும் வீட்டின் அங்கம்தான். சரக்கு வந்து இறங்கியது, விருந்தாளி வந்தது, துணி துவைத்தது எல்லாம் அங்கே. விருந்தினரை வரவேற்கும் கூடம் நடுவில். குடும்பம் வாழ்ந்த மாடிக்கட்டு பின்னால், சுற்றிவரும் நடைமாடத்தோடு. முன்கட்டில் அரிசி, பட்டு வியாபாரம் நடக்க, பின்கட்டில் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் நாளைக் கழித்திருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் முழு அடுக்கும் தரைப்படத்திலேயே இருக்கிறது. இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் நாடுகடத்தப்பட்ட கோடீசுவரருக்குப் போய்விடுகிறது. பிறகு அவர் பெயரைத் தாங்கிய பன்றிக்காலுக்குப் போகிறது. தெரு நெடுகக் கடைகளில் கருஞ்சிவப்பாக அடுக்கியிருக்கிறது அது. காலிலிருந்தே ஒரு மெல்லிய எலும்பை உருவி அதையே கத்தியாக வைத்து இறைச்சியை அறுப்பது வழக்கம். எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் சைவம். பைக்குள் இருக்கும் பருப்புப் பொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த ஊர்கள் ஏன் இன்னும் இருக்கின்றன என்ற கேள்விக்குக் காதுக்கருவி பதில் சொல்வதில்லை. நாள் முழுவதும் சொல்லப்படாமல் போனவற்றில் பெரிய இழப்பு இதுதான் என்று நான் கருதுகிறேன். யாங்சி ஆற்றின் தெற்கே பட்டும் அரிசியும் நீர்வழியே போன காலத்தில் கால்வாய்ச் சந்திகள் பணக்கார ஊர்களாயின. 1860-களில் தைப்பிங் கிளர்ச்சிப் போர் அந்தப் பகுதியைச் சீரழித்தது. 1908-இல் ஷாங்காய்–நாங்கிங் ரயில் பாதை திறந்தது. சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது. பிறகு சாலைகள். கால்வாய் ஊர்கள் ஓரங்கட்டப்பட்டன. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லாததால் பழசு அப்படியே நின்றது. ஆக, இங்கே பழமையைக் காத்தது ஏழ்மை. ‘பண்பாட்டின் மீது பற்று’ என்று பலகையில் எழுதிவைத்திருப்பது பிற்சேர்க்கை.

1980-களில் காசு வரத்தொடங்கியபோது ஆபத்தும் வந்தது. தெற்கு ஜியாங்சுவில் ஊருக்கு ஊர் தொழிற்கூடங்கள் முளைத்த காலம் அது. துங்லியை உள்ளடக்கிய வூஜியாங்கில் பிறந்த சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தொங், அந்தச் சிற்றூர்த் தொழில் வளர்ச்சியைத்தான் அப்போது ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கால்வாயைத் தூர்த்துச் சாலை போடு, பழைய வீட்டை இடித்து ஆலை கட்டு என்பதே உள்ளூர் அதிகாரிகளின் இயல்பான ஆசை. தொங்ஜி பல்கலைக்கழகத்து நகரமைப்புப் பேராசிரியர் ருவான் யீசான் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், பழைய பகுதியை விட்டுவிட்டுப் பக்கத்தில் புது ஊர் கட்டுங்கள் என்று வரைபடம் போட்டுக் கொடுத்து மன்றாடினார். வடக்கே ஷான்சியில் பிங்யாவ் மதில் நகரம் தப்பியதிலும் அவர் பங்கு உண்டு. அது 1997-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அதிகாரிகளை வழிக்குக் கொண்டுவந்தது எது? ஆலையைவிடச் சுற்றுலாவில் வருமானம் வரும் என்ற வாக்குறுதி. இன்று ஜோவ்ஜுவாங் நுழைவுச்சீட்டு நூறு யுவான். அந்த நூறு யுவான்களைக் கொண்டுவந்து கொட்டுவது யார்? முகத்தைச் சுளித்துக்கொண்டு நாம் ஏறும் அதே பேருந்துகள்.

ஆகவே குழுச் சுற்றுலா ஊரைக் கெடுத்துவிட்டது என்று ஒரே வரியில் தீர்ப்பெழுத எனக்குச் சம்மதமில்லை. குழு வராமல் இருந்திருந்தால் கெடுவதற்கு ஊரே இருந்திருக்காது. ஆனால் இந்த நியாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. வாசலில் காசு வாங்குவது வேறு, ஊரையே வாடகைக்கு விடுவது வேறு. யுன்னானில் லிஜியாங் 1997-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பழைய நகரத்து நாசி இன மக்கள் பலரும் வீட்டை வெளியூர் வியாபாரிகளுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் புதுநகரத்துக்குக் குடிபோனார்கள். வாசல் காசிலும் அளவு மீறலாம்: ஹூனானில் ஃபெங்ஹுவாங் 2013 ஏப்ரலில் ஊருக்குள் கால்வைக்கவே 148 யுவான் என்று அறிவித்தது. கடைக்காரர்களே தெருவில் இறங்கிக் கத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள்.

நிரலில் இன்னொரு ஊர் துங்லி. பெரும்பாலான குழுக்கள் இதைக் காலையில் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் ஜோவ்ஜுவாங் போவது வழக்கம். என் கணிப்பில் இந்த இணைப்பே தவறு. ஒரு கால்வாய், ஒரு வளைந்த பாலம், சிவப்பு விளக்குக் கூண்டு, வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு என்று மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இரண்டு ஊரும் ஒன்றேதான். இரண்டாவது ஊரில் இறங்கும்போதே பாதிப் பேருக்கு அலுப்பு வந்துவிடுகிறது. ‘காலையில பார்த்தோமே தம்பி, திரும்ப எதுக்கு?’ என்று ஒரு அம்மா பேருந்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேறுபாட்டைக் காட்ட நினைத்திருந்தால் நான்சுன்னை இணைத்திருக்கலாம். பட்டு வணிகத்தில் கொழுத்தவர்களின் ஊர் அது. சீன வீட்டின் பின்கட்டில் பிரெஞ்சுப் பாணியில் நடனக்கூடம் கட்டியவர்களும், ஜியாயே நூலகம்போல் ஒரு பெரிய தனியார் நூலகத்தை எழுப்பியவரும் அங்கே இருந்தார்கள். 2014-இல் பெருங்கால்வாயின் பகுதியாக அது உலக மரபிலும் இடம்பெற்றது. ஆனால் தூரம் அதிகம், டீசல் அதிகம். நிரல் போடுகிறவர் பக்கத்து ஊரைத்தான் சேர்ப்பார்.

துங்லி தனியாக எடைபோடத் தகுந்த ஊர். ஜோவ்ஜுவாங் வணிகர்களின் ஊர் என்றால் இது படித்த அதிகாரிகளின் ஊர். பதவி பறிபோய்த் திரும்பிய ரென் லான்ஷெங் 1885–87-இல் கட்டிய துய்சி தோட்டம் 2000-த்தில் சூச்சோ தோட்டங்களோடு உலக மரபில் சேர்க்கப்பட்டது. முக்கால் ஹெக்டேர்கூட இல்லாத இடம். மேற்கே வீடு, நடுவில் முற்றம், கிழக்கே குளமும் தோட்டமும் எனப் பக்கவாட்டில் விரிகிறது. கட்டடங்களின் தரையைத் தண்ணீருக்கு மிக அருகில் தாழ்த்திக் கட்டியிருப்பதால் குளம் உள்ளபடியைவிடப் பெரிதாகத் தெரியும். கல்லில் படகு வடிவத்தில் ஒரு மண்டபம் குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முனையில் உட்கார்ந்தால் மீன்கள் காலடியில். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புதிய காட்சி தெரியவேண்டும் என்பதற்காகவே பாதையை வளைத்திருக்கிறார்கள். மெதுவாக நடப்பவரை மனத்தில் வைத்து வகுத்த தோட்டம். அதற்கு நிரல் ஒதுக்குவது இருபத்தைந்து நிமிடம்.

தோட்டத்துக்கு வெளியே, முக்கியத் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளிப் போனால் ஊர் மாறுகிறது. வயதானவர்கள் இன்னும் அங்கே வசிக்கிறார்கள். கல்படியில் குந்தி ஒரு பாட்டி கீரையை அலசிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் மூங்கில் கழியில் துணி காய்ந்தது. அவருக்கு நாங்கள் ஒரு பொருட்டே இல்லை. அந்த நாளில் எனக்கு ஊராகத் தெரிந்தது அந்த ஒரு சந்துதான். நிரலில் அது இல்லை. கழிப்பறை தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த வரவு.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. பின்முனையில் ஒரே ஒரு நீண்ட துடுப்பு. அது ஒரு குமிழின்மேல் பொருந்தியிருக்கிறது, கைப்பிடியிலிருந்து ஒரு கயிறு தளத்தோடு கட்டியிருக்கிறது. நீலப்பூ அச்சிட்ட சட்டை போட்ட படகுக்காரப் பெண் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுப்பதே இல்லை. ஒரு கையால் துடுப்பையும் மறு கையால் கயிற்றையும் மாற்றி மாற்றித் தள்ளி இழுக்கிறார். குறுகிய கால்வாயில் பக்கவாட்டில் இடமில்லாததற்குக் கண்ட வழி இது. பாட்டுக்குத் தனிக் காசு. முழுப் பகலிலும் சொன்ன விலைக்குக் குறையில்லாமல் ஈடு கொடுத்தது இந்தச் சவாரிதான் என்பேன்.

குறையோடு ஈடு கொடுத்தது பட்டுக் காட்சியகம். ஒற்றைப் பூச்சிக்கூட்டிலிருந்து நூல் எடுக்கலாம், இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூட்டில் நூல் சிக்கிக்கொள்ளும், ஆகவே அதை விரித்து மெத்தைப் போர்வைக்குள் வைக்கிறார்கள் என்று காட்டினார்கள். நாலு பேரை அழைத்து நாலு மூலையைப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். நேர்த்தியான பாடம்தான். பாடம் கால்மணி, விற்பனை முக்கால்மணி. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டம், அடிமாட்டு விலைக்குப் பயணம் விற்றுக் கடைக் கமிஷனில் ஈடுகட்டுவதைத் தடைசெய்கிறது. பயணி ஒப்புக்கொண்டால் கடை நிறுத்தம் இருக்கலாம் என்று வழியும் விட்டிருக்கிறது. நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் நிரல்தாளில் அந்த ஒப்புதல் இருக்கிறது. ‘நாள் முழுக்க இவ்வளவு மலிவா?’ என்று ஊரில் வியந்த விலையில் ஒரு பகுதியை இந்த முக்கால்மணியில் கட்டுகிறோம்.

சுற்றுலா ஊரையும் ஒழுங்காக நடத்தலாம் என்பதற்கு வூஜென்னைச் சொல்வார்கள். எழுத்தாளர் மாவ் துன் பிறந்த ஊர், செஜியாங் மாநிலம். அங்கே 1999-இல் சீரமைப்பு தொடங்கியது. கிழக்குப் பகுதி 2001-இலும் மேற்குப் பகுதி 2007-இலும் திறந்தன. மேற்கில் வீடுகளைச் சீரமைப்பை நடத்திய நிறுவனமே வாங்கி மக்களை வெளியேற்றியது. மின்கம்பிகளையும் குழாய்களையும் மண்ணுக்கடியில் புதைத்தது. ஒரு கடையில் விற்பதை இன்னொரு கடை விற்கக்கூடாது என்று விதி போட்டது. பழைய குடியிருப்பாளர்களில் சிலரை விருந்தினர் விடுதி நடத்தத் திரும்ப அழைத்தது. 2013 முதல் நாடக விழா, 2014 முதல் உலக இணைய மாநாடு. ‘இது ஊரா, செட்டா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆட்களை அப்புறப்படுத்தி அழகைக் காப்பது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் வூஜென் தன்னை வாழும் ஊர் என்று சொல்லி விற்கவில்லை. தங்கிப்போகும் இடம் என்று விற்கிறது, சொன்னதைத் தருகிறது. ஜோவ்ஜுவாங் வாழும் ஊர் என்று சொல்லிக்கொண்டு பன்றிக்கால் கடைத்தெருவைத் தருகிறது. திறனாய்வில் நேர்மைக்கு மதிப்பெண் உண்டென்றால் வூஜென்னுக்குத்தான் கூடுதலாகப் போடவேண்டும்.

‘தனியாகப் போய்ப் பார்ப்பதுதானே’ என்று இளையவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்துக் குழுக்களில் ஓய்வுபெற்றவர்களே அதிகம். மொழி தெரியாது, பெட்டிக்கடை முதல் எல்லாமே அலைபேசி ஸ்கேனில் நடக்கிறது, சைவச் சாப்பாடு கேட்டு வாங்குவது பெரும்பாடு. இவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது சின்ன வேலையில்லை. அதைக் குழு செய்கிறது, நன்றாகவே செய்கிறது. நான் எடைபோடுவது குழுவை அல்ல, அதன் கையில் கொடுக்கப்பட்ட நிரலை. அது பாலத்தைக் காட்டுகிறது, கட்டியவன் மூளையைக் காட்டவில்லை. வீட்டைக் காட்டுகிறது, ஆண்டை மறைக்கிறது. ஒரே மாதிரி இரண்டு ஊரைக் காட்டி இரண்டையும் சாதாரணமாக்குகிறது. ஊர் விழித்திருக்கும் நேரத்தைப் பேருந்துக்குள் கழிக்கவைக்கிறது.

என் தீர்ப்பு: ஒரு பகலில் இரண்டு ஊர் என்ற இந்த நிரல் தேறாது. ஜோவ்ஜுவாங்கை நீக்கிவிட்டு, துங்லிக்கு முழுநாளும் முடிந்தால் ஓர் இரவும் கொடுத்தால் தேறும். இரவு தங்க விரும்பாதவர்களுக்கு ஷாங்காயை ஒட்டியே ஜூஜியாஜியாவ் இருக்கிறது. 1571-இல் கட்டிய ஐந்து வளைவுப் பாலம், ஊருக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, 2017 முதல் மெட்ரோ பதினேழாம் தடம். முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் முகவரிடம் நிரலை வாங்கி, கடை நிறுத்தம் எத்தனை, துய்சி தோட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் குழுவிலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு, முந்தின இரவே சூச்சோவில் தங்கி, அங்கே நாலாம் தட மெட்ரோவில் ஏறுங்கள். அதன் கடைசி நிலையம் துங்லி. அங்கிருந்து பழைய ஊருக்குப் பேருந்து இருக்கிறது.